'சிமிலர்' சின்னப்பிள்ளை ஆங்கிலமா?

கேள்வி: நான் முள்ளியவளையைச் சேர்ந்தவள். விவசாயம் படிக்கும் இறுதியாண்டு மாணவி. உயர்தரம் வரைக்கும் தமிழ் மொழிமூலம்தான். இப்போது ஆய்வறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். இரணைமடுக்குளத்தின் கீழ் இரண்டு இடங்களில் நெல்லினங்களை ஒப்பிட்டதுதான் ஆய்வு. இரண்டு காணியின் மண்ணும் 'சேம்' என்று எழுதியிருந்தேன். மேற்பார்வையாளர் அதை வெட்டி 'சிமிலர்' என்று போட்டார். விளைச்சலைப் பற்றி 'சிமிலர்' என்று எழுதிய இடத்தில் இன்னொரு விரிவுரையாளர் 'கொம்பரபிள்' என்று மாற்றினார். 'சிமிலர்' எல்லாம் சின்னப்பிள்ளை ஆங்கிலம், 'அனலொகஸ்', 'இக்குவிவலன்ட்' என்று எழுது என்கிறாள் அறைத்தோழி. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால், நம் எழுத்தைப் பிறருடைய எழுத்தோடு ஒப்பிடும் டேர்னிட்டின் மென்பொருளில் சிமிலாரிட்டி கூடும் என்றும் சொல்கிறார்கள். இதற்கிடையில் ஆய்வின் சுருக்கத்தை எளிய ஆங்கிலத்தில் ஒரு துண்டுப்பிரசுரமாக, நிதி தந்த நிறுவனத்துக்கும் கொடுக்க வேண்டும். எந்தச் சொல்லை எங்கே போடுவது?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

அறைத்தோழி சொன்னதை முதலில் எடுக்கிறேன். வன்னிப் பிள்ளைகளின் ஆங்கில அறிக்கைகளைத் திருத்தும் வேலையில் நான் அடிக்கடி காணும் சிக்கல் அதற்குள்தான் இருக்கிறது. ஒப்புமை சொல்லும் ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகள் ஓர் ஏணியாக நினைக்கிறார்கள். கீழ்ப்படியில் 'லைக்', அதற்கு மேல் 'சேம்', பிறகு 'சிமிலர்', உச்சியில் 'அனலொகஸ்', 'ஹொமொலொகஸ்'. ஏற ஏறப் படித்தவர் எழுதியது போல இருக்கும் என்ற எண்ணம். தமிழில் படித்துவிட்டு கெம்பசுக்குப் போனதும் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கவேண்டி வந்த பிள்ளைக்கு அந்த எண்ணம் வருவது இயல்பு. கடினமான சொல்லைப் போட்டுவிட்டால் என் ஆங்கிலத்தை யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று தோன்றும். அந்தச் சொல்லின் பொருள் தெரிந்த ஒருவர் பரீட்சகராக வந்து உட்கார்ந்தால் முதலில் பிடிபடுவதே அந்த இடம்தான்.

'சிமிலர்' சின்னப்பிள்ளை ஆங்கிலம் இல்லை, தங்கச்சி. நல்ல விஞ்ஞான சஞ்சிகை எதைப் பிரித்தாலும் அந்தச் சொல் கிடக்கும். 'அனலொகஸ்' அதைவிடப் பெரிய சொல்லும் இல்லை. அது வேறொரு விடயத்தைச் சொல்கிற சொல்.

ஒரு சொல் துறைச் சொல்லா, அன்றாடச் சொல்லா என்பதை அதன் நீளமோ உச்சரிப்போ தீர்மானிப்பதில்லை. ஒரு துறையில் இருப்பவர்கள் ஒரு சோதனையை வைத்திருப்பார்கள். அந்தச் சோதனையில் தேறியதற்கு மட்டும் கொடுக்கும் பெயர்தான் துறைச் சொல். நீங்கள் அதை எழுதினால், 'இந்தச் சோதனையை நான் செய்துவிட்டேன்' என்று வாசிப்பவருக்குச் சொல்கிறீர்கள். செய்யாமல் எழுதினால் அது பொய்யாகிவிடும், நீங்கள் அப்படி நினைக்காவிட்டாலும்.

சின்னச் சொல்லும் துறைச் சொல்லாக இருக்கலாம். 'லைக்' என்ற சொல்லையே பாருங்கள். காட் எனப்படும் வர்த்தக உடன்படிக்கையின் மூன்றாம் உறுப்புரையில் 'லைக் புரொடக்ட்' என்று வருகிறது. இறக்குமதிப் பொருள் உள்ளூர்ப் பொருளுக்கு 'லைக்' என்றால் அதற்கு உள்ளூர்ப் பொருளைவிடக் கூடிய வரி போடக்கூடாது. ஜப்பானின் சோச்சு என்ற மதுவும் வொட்காவும் 'லைக்' ஆனவையா என்று நாடுகள் வழக்காடி, 1996இல் உலக வர்த்தக நிறுவனத்தின் மேன்முறையீட்டு அமைப்பு ஆம் என்ற முடிவை உறுதிசெய்தது. நாலு எழுத்துச் சொல்லுக்கு அங்கே அவ்வளவு கனம். 'சிமிலர்' என்பதும் அப்படித்தான். பேச்சில் அது சும்மா 'கிட்டத்தட்ட ஒரே மாதிரி'. கேத்திர கணிதத்தில் கோணங்கள் சமமாகவும் பக்கங்கள் ஒரே விகிதத்திலும் இருந்தால் மட்டுமே 'சிமிலர்'. அளவும் சமமாகிவிட்டால் 'கொங்ருவன்ட்', சாதாரண தரத்தில் நீங்கள் ஒருங்கிசைவு என்று படித்தது. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தில் இருக்கும் இரணைமடுவின் கரைக்கோடும், மண்ணில் கிடக்கும் உண்மையான கரைக்கோடும் கணிதக்காரருக்கு 'சிமிலர்'. ஒன்று கைக்குள் அடங்கும், மற்றது கண்ணுக்கே அடங்காது. அளவைப் பற்றி அந்தச் சோதனை கேட்பதேயில்லை.

ஆகவே எந்தச் சொல்லை எழுத முதலும் உங்களையே இரண்டு கேள்வி கேளுங்கள். இவை இரண்டும் எதில் ஒத்திருக்கின்றன? அது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டுக்கும் பதில் இருந்தால் சொல் தானாக வந்து விழும். பதில் இல்லாவிட்டால் அகராதியில் எந்தச் சொல்லைத் தேடினாலும் உதவாது.

இனி உங்கள் மண். மேற்பார்வையாளர் 'சேம்' என்பதை வெட்டியது சரி. ஆனால் அவர் போட்ட 'சிமிலர்' மட்டும் தனியே நின்றால் அதுவும் பாதி வேலைதான். 'சேம்' ஒரு வகையைச் சொல்ல நல்ல சொல். இரண்டு காணியும் செங்கபில மண் என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால், மண் வகை 'த சேம்' என்று தாராளமாக எழுதலாம். நீங்கள் ஒப்பிட்ட இனங்களில் பிஜி 352, ஏடி 362 இரண்டும் இருந்தால், இரண்டும் மூன்றரை மாத நெல் என்பதால் வயது வகை 'த சேம்'. அரிசி நிறம் 'சேம்' இல்லை, முன்னது வெள்ளை, பின்னது சிவப்பு. அளந்து எடுத்த எண்கள் என்று வந்தால் கதை மாறுகிறது. ஒரு காணியின் பீஎச் (மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 6.4, மற்றதில் 6.6 என்றால் அவை 'சிமிலர்'. இலக்கத்தைப் பக்கத்தில் போட்டுவிட்டால் வாசிப்பவர் தானே தீர்மானிப்பார். 'போத் சைட்ஸ் ஹாட் த சேம் சொயில் குரூப் அண்ட் சிமிலர் பீஎச்' என்று எழுதி எண்களைக் கொடுங்கள். ஒரே வசனத்தில் இரண்டு சொல்லும் தத்தம் வேலையைச் செய்கின்றன. 'ஐடென்டிக்கல்' என்ற சொல்லை மண்ணுக்குப் பாவிக்கவே வேண்டாம். எந்த வித்தியாசமும் இல்லை என்று அது சொல்கிறது. ஒரே காணிக்குள்ளேயே வரம்போரத்து மண்ணும் நடுவயல் மண்ணும் அப்படி இருக்காது. இரண்டு இடத்திலும் நீங்கள் பின்பற்றிய செய்முறைக்கு அது பொருந்தும், அதே விதை அளவு, அதே உர அட்டவணை, அதே நீர் மட்டம் என்று வேண்டுமென்றே வைத்திருந்தால்.

விளைச்சல்தான் முக்கியமான இடம், அதில் கொஞ்சம் நிற்கவேண்டும். ஒரு பேச்சுக்கு மூன்று இனங்களை எடுத்துக்கொள்வோம். ஹெக்டேயருக்கு 5.4 தொன், 4.9 தொன், 4.4 தொன். புள்ளிவிபரவியல் சோதனை செய்த பிறகு முதலாவதுக்கு ஏ, இரண்டாவதுக்கு ஏபி, மூன்றாவதுக்கு பி என்று எழுத்து வந்திருக்கிறது. ஒரே எழுத்தைப் பகிர்பவை கணிசமாக வேறுபடவில்லை என்று அட்டவணைக்கு அடியில் எழுதுவோம். இப்போது 'கணிசமாக வேறுபடவில்லை' என்பதை 'சேம்' என்று மாற்றி எழுதிப் பாருங்கள். முதலாவதும் இரண்டாவதும் சேம். இரண்டாவதும் மூன்றாவதும் சேம். ஆனால் முதலாவதும் மூன்றாவதும் வேறு. ஒன்றும் இரண்டும் ஒன்றே, இரண்டும் மூன்றும் ஒன்றே என்றால் ஒன்றும் மூன்றும் வேறாக இருக்க முடியுமா? முடியாது. 'சேம்' என்ற சொல் அந்த அட்டவணைக்குள் நுழைந்ததும் அட்டவணையே பொய்யாகிப் போகிறது. 'டிட் நொட் டிஃபர் சிக்னிஃபிக்கன்ட்லி' என்பது மட்டும்தான் நீங்கள் கண்டதை அப்படியே சொல்கிறது: உங்களிடம் இருந்த தரவைக் கொண்டு வித்தியாசத்தை நிறுவ முடியவில்லை. வித்தியாசம் இல்லை என்று அது சொல்லவில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் நான்கு மீள்செய்கை, அதாவது நான்கு பாத்தி மட்டும் வைத்து, அதில் ஒன்றை யானை மிதித்துவிட்டுப் போயிருந்தால், உண்மையான வித்தியாசம்கூட அந்தச் சோதனையில் தெரியாமல் போகலாம்.

'இக்குவிவலன்ட்' என்று எழுத ஆசைப்பட்டால் அதற்குத் தனிச் சோதனை இருக்கிறது. எவ்வளவு வித்தியாசம் வரைக்கும் பொருட்டில்லை என்று ஆய்வு தொடங்க முதலே ஓர் எல்லையைக் குறிக்கவேண்டும். ஹெக்டேயருக்கு அரைத் தொன் என்று வைத்திருந்தால், வித்தியாசத்தின் நம்பிக்கை ஆயிடை (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சு) முழுவதும் அந்த எல்லைக்குள் விழுந்தால்தான் அந்தச் சொல். மருந்துத் துறையில் இது கண்டிப்பான வழக்கம். ஒரு மலிவான மருந்து மூல மருந்துக்கு 'பயோஇக்குவிவலன்ட்' என்று சொல்ல, உடலில் சேரும் அளவுகளின் விகிதத்துக்கான 90 சதவீத நம்பிக்கை ஆயிடை 80க்கும் 125 சதவீதத்துக்கும் இடையில் நிற்கவேண்டும் என்பது பல நாடுகளின் ஒழுங்குவிதி. நீங்கள் அப்படி எல்லை எதுவும் குறிக்கவில்லை என்றால் அந்தச் சொல்லை விளைச்சலுக்குப் போடாதீர்கள்.

அப்படியானால் 'கொம்பரபிள்'? இரண்டாவது விரிவுரையாளர் போட்ட சொல்லை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அதில் விருப்பம் குறைவு. அதற்கு இரண்டு பொருள். ஒப்பிடக்கூடியது என்பது ஒன்று, கிட்டத்தட்ட அதே தரம் என்பது மற்றது. எதைச் சொல்கிறோம் என்று எழுதுபவருக்கே தெரியாத இடத்தில் வந்து உட்காரும் சொல் அது. உங்கள் புள்ளிவிபரம் அட்டவணையில் தெளிவாக இருக்கும்போது மூடலான சொல் எதற்கு? இன்னொன்றும் உண்டு. இந்தியச் சஞ்சிகைகளில் பயிராக்கவியல் கட்டுரைகளை வாசித்திருந்தால் 'அட் பார்' என்று கண்டிருப்பீர்கள், ஒப்பிடும் இரண்டு முறைகளும் 'ஸ்டட்டிஸ்டிக்கலி அட் பார்' என்று. நம் பக்கத்துப் பயிராக்கவியல்காரருக்கு அது விளங்கும். வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்பினால் நடுவர் புருவத்தை உயர்த்துவார். அதையும் விட்டுவிடுங்கள்.

மேற்பார்வையாளரிடம் போகும்போது அட்டவணையையும் கையில் கொண்டுபோங்கள். 'சேர், நீங்கள் சொன்ன சொல்லா, மற்ற சேர் சொன்ன சொல்லா?' என்று கேட்டால் அது இரண்டு பெரியவர்களுக்கு இடையிலான சங்கடம். 'இந்த இரண்டு எண்ணையும் பற்றி நான் எவ்வளவு தூரம் சொல்லலாம்?' என்று கேட்டால் அது விஞ்ஞானக் கேள்வி. இரண்டு பேரும் ஒரே பதிலுக்கு வந்துவிடுவார்கள்.

'இக்குவிவலன்ட்' உரத்தில் மிக நல்ல சொல், அங்கே பயப்படாமல் எழுதுங்கள். யூரியாவில் நைதரசன் 46 சதவீதம், அமோனியம் சல்பேற்றில் 21 சதவீதம். 100 கிலோ யூரியா தரும் நைதரசனுக்கு ஏறக்குறைய 219 கிலோ அமோனியம் சல்பேற்று வேண்டும். நைதரசன் அளவில் இவை இரண்டும் 'இக்குவிவலன்ட்'. ஆனால் 'சிமிலர்' என்று சொல்ல முடியாது. ஒன்றில் கந்தகம் இருக்கிறது, மண்ணையும் கூடுதலாக அமிலமாக்கும், மூட்டையின் எண்ணிக்கையும் இரட்டிப்புக்கு மேல். இங்கே 'எதில்' என்பதை விட்டுவிட்டால் அந்தச் சொல் ஆபத்தானது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, அதற்கு ஈடு என்று கொடுக்கப்பட்டதை வயலில் போட்டுப் பார்த்த விவசாயிகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருக்கிறார்கள். எதில் ஈடு, எத்தனை கிலோவுக்கு எத்தனை கிலோ என்ற கேள்வியின் பெறுமதியை அவர்களிடம் கேளுங்கள்.

அறைத்தோழியின் செல்லச் சொல்லான 'அனலொகஸ்' எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், பிறகு உங்களுக்கே தெரியும். ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் 1843இல் இரண்டு சொற்களை வரையறுத்தார். வெவ்வேறு விலங்குகளில் ஒரே தொழிலைச் செய்யும் உறுப்புகள் 'அனலொகஸ்'. வடிவமும் தொழிலும் எப்படி மாறியிருந்தாலும் அடிப்படையில் அதே உறுப்பாக இருப்பவை 'ஹொமொலொகஸ்'. டார்வினின் நூல் 1859இல் வந்த பிறகு, 'அதே உறுப்பு' என்பதற்குப் பொது மூதாதையிடமிருந்து வந்தது என்று பொருள் நிலைத்தது. வௌவாலின் சிறகையும் பறவையின் சிறகையும் எடுங்கள். முன்னவயவம் என்று பார்த்தால் அவை ஹொமொலொகஸ். பறக்கும் சிறகு என்று பார்த்தால் அனலொகஸ், ஏனென்றால் பறத்தல் இரண்டிலும் தனித்தனியாகத் தோன்றியது. அதே இரண்டு சிறகு, எதில் என்பது மாறியதும் சொல்லும் மாறிவிடுகிறது.

பயிர் படிக்கும் உங்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கறிக்கூடைக்குள்ளேயே இருக்கிறது. உருளைக்கிழங்கும் வற்றாளைக்கிழங்கும். இரண்டும் மண்ணுக்குள் பருத்து மாப்பொருளைச் சேமிக்கின்றன. ஆனால் உருளைக்கிழங்கு தண்டு. அதன் 'கண்' என்பது அரும்பு, அதனால்தான் கண் இருக்கும் துண்டை நடுகிறோம். வற்றாளை வேர். அதற்குக் கொடித்துண்டுதான் நடுகை. ஆகவே இவை அனலொகஸ், ஹொமொலொகஸ் இல்லை. 'சிமிலர்' என்று எழுதினாலும் பிழையில்லை, 'சிமிலர் இன் ஃபங்ஷன்' என்று எதில் என்பதைச் சேர்த்தால். நீங்கள் சொல்லவேண்டியது இரண்டு இடத்து விவசாயிகளும் நாற்று நடாமல் வீசி விதைக்கிறார்கள் என்பதுதான் என்றால், அங்கே 'அனலொகஸ்' என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. 'ஃபாமர்ஸ் அட் போத் சைட்ஸ் யூஸ்ட் த சேம் மெத்தட்'. முடிந்தது.

உங்கள் வகுப்பில் மிளகாய் இலைச்சுருளல் வைரசைப் பார்த்த பிள்ளைகள் இருந்தால் இதையும் சொல்லுங்கள். மரபணு வரிசையை, வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் என்ற கணினிக் கருவியில் போட்டு 98 வந்ததும் '98 பேர்சன்ட் ஹொமொலொஜி' என்று எழுதுகிறார்கள். அது பிழை. பொது மூதாதை உண்டு அல்லது இல்லை, அதில் சதவீதம் கிடையாது. 1987இலேயே செல் என்ற சஞ்சிகையில் விஞ்ஞானிகள் பலர் சேர்ந்து கடிதம் எழுதி இந்தக் குழப்பத்தை நிறுத்தச் சொன்னார்கள். நியூக்கிளியோட்டைட்டு வரிசைக்கு '98 பேர்சன்ட் ஐடென்டிட்டி'. புரத வரிசைக்கு 'சிமிலாரிட்டி' என்று தனியாக ஓர் எண்ணும் வரும். லியூசீன் இருக்கவேண்டிய இடத்தில் ஐசோலியூசீன் இருப்பது போல, இரசாயன இயல்பு நெருங்கிய மாற்றங்களையும் அது சேர்த்து எண்ணுகிறது. இரண்டு எண்ணையும் மாற்றி எழுதினால் முடிவே மாறும்.

துண்டுப்பிரசுரத்துக்கு வருவோம். இங்கேதான் அன்றாடச் சொல் தன் முழுப் பலத்தையும் காட்டும். உதாரணமாக, நெல்லோடு நெல்லாக முளைத்து நிற்கும் பார்ன்யார்ட் கிராஸ் என்ற புல். இளம் பருவத்தில் நெல்லா புல்லா என்று மயங்கும். ஆய்வறிக்கையில் 'மோர்ஃபொலொஜிக்கலி சிமிலர் டு ரைஸ் அட் த சீட்லிங் ஸ்டேஜ்' என்று எழுதுவீர்கள். அது நல்ல வசனம். எதில், எந்தப் பருவத்தில் என்று இரண்டையும் சொல்கிறது. அதையே துண்டுப்பிரசுரத்தில் 'இட் லுக்ஸ் லைக் யங் ரைஸ்' என்று எழுதுங்கள். உண்மை குறையவில்லை. வாசிப்பவர் ஆய்வாளர் இல்லை என்பதால், அவர் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதை உடனே சேர்க்கலாம்: இலையும் உறையும் சேரும் இடத்தைப் பாருங்கள், நெல்லில் மெல்லிய நாக்குப் போன்ற சவ்வு இருக்கும், இந்தப் புல்லில் இருக்காது. 'மோர்ஃபொலொஜிக்கலி' என்ற சொல்லைத் துண்டுப்பிரசுரத்தில் போட்டிருந்தால், நிதி நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவரும் விவசாயிகள் அமைப்பின் செயலாளரும் அந்த இடத்தோடு வாசிப்பதை நிறுத்தியிருப்பார்கள். நிதி தந்தவர்களுக்கு எளிமையாக எழுதினால் மதிப்புக் குறையும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். சுற்றிவளைத்த அறிக்கைகள் அவர்களின் மேசையில் போதுமான அளவு இருக்கின்றன.

விளைச்சலும் அப்படித்தான். துண்டுப்பிரசுரத்தில் 'சிக்னிஃபிக்கன்ட்' வேண்டாம். அன்றாட ஆங்கிலத்தில் அதற்கு முக்கியமானது, பெரியது என்று பொருள். 'நோ சிக்னிஃபிக்கன்ட் டிஃபரன்ஸ்' என்றால் பெரிய வித்தியாசமில்லை என்று விளங்கிக்கொள்வார்கள். அதற்குப் பதில், இந்தப் பரீட்சிப்பில் ஓரினம் மற்றதைவிட நிச்சயமாகக் கூட விளைந்தது என்று சொல்லமுடியாது என்பதை நேராக எழுதுங்கள். கொஞ்சம் நீளும், பரவாயில்லை.

இலக்கணத்தில் நம் பிள்ளைகள் வழுக்கும் இடங்கள் சில. 'சேம் லைக்' என்று எழுதாதீர்கள், 'த சேம் அஸ்'. 'சேம்' என்பதற்கு முன் 'த' இல்லாமல் விடாதீர்கள். 'சிமிலர் வித்' இல்லை, 'சிமிலர் டு'. 'ரிசெம்பிள்' என்ற வினைக்குப் பின் 'டு' வராது. 'அலைக்' என்பது பெயர்ச்சொல்லுக்கு முன் வராது, வினைக்குப் பின்னால்தான் நிற்கும். 'த டூ லீவ்ஸ் ஆர் அலைக்' சரி, 'அலைக் லீவ்ஸ்' என்று இலைக்கு முன்னால் போடமுடியாது. 'குரொப்ஸ் லைக் கிரவுண்ட்நட் அண்ட் கௌபீ' என்று எழுதினால் நிலக்கடலையும் கௌபியும் அந்தப் பயிர்களில் சேருமா, அவற்றைப் போன்ற வேறு பயிர்களா என்ற மயக்கம் வரும். 'சச் அஸ்' என்றால் மயக்கமில்லை. உங்கள் முடிவு முந்தைய ஆய்வோடு ஒத்துப்போகிறது என்று சொல்ல 'கொங்ருவன்ட்' வேண்டாம். 'கொன்சிஸ்டன்ட் வித்' அல்லது 'அக்ரீஸ் வித்' போதும்.

கடைசியாக டேர்னிட்டின். இதைப் பற்றிப் பரவும் பயம் பிள்ளைகளின் ஆங்கிலத்தைக் கெடுக்கிறது. அங்கே 'சிமிலாரிட்டி' என்பதும் ஒரு துறைச் சொல்தான். உங்கள் எழுத்தில் எவ்வளவு பகுதி வேறெங்கோ உள்ள எழுத்தோடு வரிக்கு வரி பொருந்துகிறது என்பதை மட்டும் அது அளக்கிறது. களவா இல்லையா என்பதை மனிதர்தான் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும். உங்கள் அறிக்கைக்குள்ளேயே 'சிமிலர்' பல இடத்தில் வருவதால் அந்த எண் ஏறாது. அதை நம்பி ஒரு பந்தியில் 'சிமிலர்', அடுத்ததில் 'அலைக்', அதற்கடுத்ததில் 'ஐடென்டிக்கல்', பிறகு 'அனலொகஸ்' என்று மாற்றி மாற்றி எழுதினால், சொல் மாறியதும் பொருளும் மாறிவிட்டது என்றுதான் பரீட்சகர் நினைப்பார். ஐந்தாம் வகுப்புக் கட்டுரையில் ஒரே சொல் திரும்ப வந்தால் ரீச்சர் சிவப்புக் கோடு போட்டிருப்பார். ஆய்வறிக்கையில் ஒரே பொருளுக்கு ஒரே சொல், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும்.

செய்முறைப் பகுதியில் 'ரண்டமைஸ்ட் கொம்பிளீட் புளொக் டிசைன்' போன்ற தொடர்கள் எல்லாருடைய அறிக்கையிலும் அப்படியே இருக்கும். டேர்னிட்டின் அவற்றை நிறம் தீட்டிக் காட்டினாலும் மாற்றவேண்டாம், அந்தத் தொடருக்கு மாற்றுச் சொல் கிடையாது. இலக்கிய மீளாய்வில் பிறருடைய பந்தியை எடுத்து நாலைந்து சொல்லை மட்டும் மாற்றி வைத்திருந்தால், அந்தப் பந்தியைத்தான் பார்க்கவேண்டும். மூலக் கட்டுரையை மூடி வையுங்கள். அவர்கள் என்ன கண்டார்கள் என்று தமிழில் யாருக்காவது வாயால் சொல்லிப் பாருங்கள். சொன்னதை உங்கள் ஆங்கிலத்தில் எழுதி, யார், எந்த ஆண்டு என்பதைப் பக்கத்தில் போடுங்கள்.